இரண்டு குறி சுட்ட நாகு

போன மழைக்காலத்தில் என் கணவருக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை செய்து வவுனியா ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெடியன். கூட்டாளிமாரோடு மோட்டார் சைக்கிளில் பந்தயம் ஓடப் போய் விழுந்து காலை முறித்துக்கொண்டவன். விழுந்த இடத்திலேயே அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்களாம். வழியால் வந்த ஒரு லொறிக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவனுடைய தாய் வவுனியாச் சந்தையில் கனகாலம் மரக்கறி விற்றவர். அங்கே பழகிய தமிழில் நன்றாகக் கதைப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் மகனுக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுத்துக்கொண்டே ஏசுவார். அவனுக்குச் சிங்களத்தில் ஏசி முடித்து, பிறகு என்னை ‘நங்கி’, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டுத் தமிழில் சொல்லுவார்.

“நங்கி, நாங்க சின்னப் பிள்ளையில பன்சலையில, புத்த கோயில்ல, படிச்சது. புத்த பகவான் சொல்லியிருக்கு, நாலு மாதிரிக் கூட்டாளி கூடாது,” என்று விரலை மடித்தார். “ஒண்டு, எடுத்துக்கொண்டு போறவன். கொஞ்சம் குடுத்து நிறைய எடுப்பான். ரெண்டு, வாய்க்காரன். நேத்து கேட்டிருந்தா தந்திருப்பேன், நாளைக்கு வந்தா தருவேன், இப்பிடிச் சொல்லுவான். இண்டைக்குக் கேட்டா இல்ல. மூண்டு, நீ நல்லது செஞ்சாலும் சரி, கெட்டது செஞ்சாலும் சரி, தலையாட்டுவான். முன்னுக்கு நிண்டு புகழுவான். பின்னுக்குப் போய்ப் பழி சொல்லுவான். நாலு, குடிக்க, சூது விளையாட, ரோட்டுச் சுத்த மட்டும் கூட வாறவன்.” மகனின் பிளாஸ்டர் போட்ட காலைத் தட்டினார். “இவனிட்ட நாலும் இருக்கு. முழு செட்.”

“அம்மே!” என்று பெடியன் போர்வையை இழுத்து முகத்தை மூடினான். என் கணவர் சிரித்துவிட்டு, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

“உங்களுக்கும் அப்பிடி ஆள் இருந்ததா, நங்கி?”

“இல்லை அக்கா,” என்றேன்.

அது பொய்யில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். கூட்டாளிகள் என்று சொல்ல எனக்கு யாரும் இருந்ததில்லை. ஆனால் அவர் மூன்றாவது விரலை மடித்தபோது என் மனதுக்குள் ஒரு சைக்கிள் மணி அடித்தது.

அப்போது நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டு ஓரத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குக் கொஞ்ச வயலும் ஒரு சின்னப் பட்டி மாடும் இருந்தன. விதைப்புக் காலத்தில் ஊர் மாடுகளைக் காட்டுக்குள் சாய்த்து விடுவார்கள். அறுவடை முடிந்த பிறகு வயல்வெளிக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள். காட்டிலே பிறந்த கன்றுகள் தாயின் பின்னால் வரும். எந்த மாட்டில் பால் குடிக்கிறதோ அந்த மாட்டின் சொந்தக்காரர் கன்றைப் பிடித்துக் குறி சுடுவார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தொடையில் இழுப்பது. எங்கள் குறி பிறையும் அதற்குள் ஒரு புள்ளியும். மேற்கு வளவுப் பெரியப்பாவின் குறி வேல்.

தாய் இல்லாமல் ஒரு கன்று வந்தால் அதற்கென்று ஒரு முறை இருந்தது. கட்டி வைத்துத் தண்ணீர் காட்டி, ஊரில் எல்லாப் பட்டிகளும் வந்து சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்தவர் கன்றுக்குக் குறி வைத்தால், உரியவர் அந்தக் குறிக்கு மேலே குறுக்கே ஒரு கோடு சுடுவார். கோடு விழுந்த குறியோடு அந்த மாடு சாகும்வரை ஊருக்குள் திரியும். பார்க்கிறவர்களுக்கு யாரும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் குறிக்குச் சொந்தக்காரன் கள்ளன். இதெல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படிக்கும் முன்பே தெரியும்.

மேற்கு வளவுப் பெரியப்பா அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன். சிரித்து நான் கண்டதில்லை. வந்தால் வேலிப் படலையில் நின்றபடியே ஏசத் தொடங்குவார். வரம்பு சரியில்லை, வேலி சரியில்லை, மாட்டுக்கு உண்ணி பிடித்திருக்கிறது. “உனக்குச் சொல்லிச் சொல்லி என்ர வாய்தான் தேயுது,” என்பார். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் நானும் தம்பியும் வீட்டுக்குப் பின்னால் ஓடிவிடுவோம்.

சைக்கிள் மாமா அப்படியில்லை. அவர் எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை. அப்பாவின் சினேகிதர். சைக்கிளில் கண்ணாடியும் டைனமோவும் பூட்டியிருப்பார். தூரத்திலேயே மணி அடித்துக்கொண்டு வருவார். “மச்சான், உன்ர வரம்பைப் பாத்துத்தான் ஊரே வரம்பு கட்டப் பழகினது,” என்பார். அதே வரம்பைத்தான் காலையில் பெரியப்பா ஏசியிருப்பார். என்னைக் கண்டால், “டொக்டர் அம்மா எப்பிடி? இந்தப் பிள்ளையின்ர கண்ணைப் பார் மச்சான், டொக்டர்க் கண்,” என்பார். ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை நான். அவர் வந்தால் மட்டும் வாசலுக்கு வருவேன்.

அவர் திரும்பிப் போகும்போது சைக்கிள் கரியரில் ஏதாவது ஒன்று இருக்கும். பூசணிக்காய், தயிர்ச்சட்டி, பயறு. “பேச்சு வருது, பூசணிக்காய் போகுது,” என்று அம்மா குசினிக்குள் நின்று சொல்லுவா. ஒருமுறை எங்கள் கிணறு இடிந்துபோனது. அப்பா மாமாவிடம் போய் உதவி கேட்டார். “என்ன மச்சான், போன கிழமை சொல்லியிருந்தா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பனே. வாற மாதம் பார், நானே வந்து நிப்பன்,” என்றார். கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து இறங்கியவர் பெரியப்பா. இறைத்து முடியும்வரை அப்பாவை ஏசிக்கொண்டேதான் இருந்தார். அதனால் எனக்கு அவர் மண் வெட்டியது ஞாபகத்தில் நிற்கவில்லை. ஏசியதுதான் நின்றது.

அந்த வருடம் காட்டுக்குள் யானைகள் கலைத்துப் பட்டிகள் சிதறிப் போயின. எங்கள் மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. கன்று போடுகிற நிலையில் காட்டுக்குப் போன சிவலை மட்டும் வரவில்லை. எங்கள் மாடுகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் கன்று தனியாக வந்தது. பெண் கன்றை நாங்கள் நாகு என்போம். சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நான் அதற்கு அன்றைக்கே ‘பொட்டு’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

அப்பா அதைக் கட்டி வைத்தார். அடுத்த நாள் சைக்கிள் மாமா வந்தார். கன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னும் ஏன் வெறுந்தொடையோட நிக்குது?”

“அண்ணையின்ர பட்டி இன்னும் வரேல்ல. பொறுத்துப் பாப்பம்.”

“பொறு, பொறு. பொறுத்துப் பொறுத்துத்தான் நீ இந்தக் கோலத்தில இருக்கிறாய். மச்சான், சிவலையை உரிச்சு வைச்சிருக்கு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இஞ்ச வாங்கோ டொக்டர் அம்மா, சொல்லுங்கோ, இது ஆரின்ர கண்டு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் என்னை யாரும் எதையும் கேட்பதில்லை.

“எங்கட சிவலையின்ர,” என்றேன்.

“பாத்தியே! தேப்பனின்ர மூளை அப்பிடியே.”

அம்மா குசினி வாசலுக்கு வந்தா. “இஞ்சேருங்கோ, ஒரு கிழமை பொறுத்தா என்ன குறைஞ்சு போகும்?”

“தங்கச்சி, உங்களுக்கு உங்கட மனுசனைத் தெரியாது. அவன் எடுத்த முடிவு எப்ப பிழைச்சது?” என்றார் மாமா.

அப்பா எடுத்த முடிவுகளில் பிழையாகாதவற்றைத்தான் தேட வேண்டியிருந்தது. இடிந்த கிணறும் அவர் இடம் பார்த்து வெட்டியதுதான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது. கம்பியை எடுத்து நெருப்பில் வைத்தார்.

கன்றைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது மாமா கையைத் தடவினார். “கை பிசகிக் கிடக்கு மச்சான். போன கிழமையெண்டா ஒற்றைக் கையாலயே பிடிச்சிருப்பன்.” அம்மாதான் வந்து காலைப் பிடித்தா. மயிர் கருகிய மணம் முற்றம் முழுக்கப் பரவியது. கன்று கத்தியபோது நான் அழவில்லை. இனி அது எங்களுடையது என்று நினைத்தேன். மாமா போகும்போது கரியரில் ஒரு தயிர்ச்சட்டி இருந்தது.

புண் காய முதலே பெரியப்பாவின் பட்டி வந்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையால் மாடுகள் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு வெள்ளை மாடு, மடி வீங்கி, நின்று நின்று கத்திக்கொண்டு வந்தது. எங்கள் வளவுக்குள்ளிருந்து பொட்டு ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான். கயிற்றை அறுத்துக்கொண்டு, படலையால் பாய்ந்து, நேரே அந்த மாட்டின் மடியில் முட்டியது. மாடு அதன் முதுகை நக்கத் தொடங்கியது.

அந்த நேரம் சைக்கிள் மாமா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். “நான் அப்பவே யோசிச்சனான் மச்சான்,” என்று சொல்லிக்கொண்டு பேணியை வைத்துவிட்டு எழும்பினார். அன்றைக்கு மட்டும்தான் அவருடைய கரியர் வெறுமையாகப் போனது.

ஒழுங்கையில் பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். பால் குடிக்கிற கன்றைப் பார்த்தார். அதன் தொடையில் ஈ மொய்க்கிற பிறையைப் பார்த்தார். அப்பா படலைக்கு வெளியே போய் நின்றார்.

“அண்ணை...”

“கொஞ்சம் பொறுத்திருக்கலாமேடா,” என்றார் பெரியப்பா. ஏசவில்லை. அவர் ஏசாமல் விட்டது அப்பாவை இன்னும் குனிய வைத்தது.

“நாளைக்குக் கோடு போடுவார்,” என்று அம்மா பின்னேரம் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே அழுதா. “இந்தப் பிள்ளையள் என்னெண்டு ஊருக்குள்ள திரியிறது? களவெடுத்தவன்ர பிள்ளையள் எண்டெல்லோ சொல்லுவினம்.”

காலையில் மேற்கு வளவில் புகை எழுந்தது. யாரும் கூப்பிடவில்லை, அப்பா தானாக எழும்பிப் போனார். நான் வேலியோரம் நின்றேன். கன்று கத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அப்பா திரும்பி வந்து கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு பெரியப்பாவின் மாடுகள் மேய்கிற பக்கம் நான் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கால் கட்டால் சுற்றிப் போனேன். மாடு ஒன்றைக் கண்டு தலை குனிந்து நடந்த பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒருநாள் மாடுகள் வாய்க்கால் கட்டுக்கே வந்துவிட்டன. பார்க்காமல் இருக்க முடியவில்லை. பொட்டின் தொடையில் எங்கள் பிறை அப்படியே இருந்தது. கோடு இல்லை. பிறைக்குக் கீழே பெரியப்பாவின் வேல், புதுப் புண்ணாக இருந்தது.

எனக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏற்கெனவே வெந்த கன்றை இரண்டாம் தரமும் சுட்டிருக்கிறார் மனுசன். தன்னுடையது என்று காட்ட அவருக்கு அவ்வளவு ஆசை.

சைக்கிள் மாமாவுக்கும் அப்பாவுக்கும் பிறகு பேச்சில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னைக் கண்டால் மாமா சைக்கிளை நிறுத்துவார். “உன்ர அப்பா ஒரு அப்பாவி, பிள்ளை. பசிச்ச கண்டு எந்த மாட்டிலயும் வாய் வைக்கும். பெரியப்பா பறிச்சுப் போட்டார்,” என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. கன்றை எங்களுடையது என்று முதலில் சொன்னவள் நானல்லவா?

வகுப்பில் கடைக்காரரின் மகள் ஒருநாள் கேட்டாள். “உங்கட அப்பா பெரியப்பாவுக்குக் கண்டு வித்தவராமே?”

“ஆர் சொன்னது?”

“உங்கட பெரியப்பாதான். சைக்கிள்காரர் எங்கட கடையில இருந்து, அது களவுக் கண்டு, தான் அப்பவே மறிச்சதெண்டு சொல்லியிருக்கிறார். உங்கட பெரியப்பா எழும்பி, ‘வித்தவனும் இருக்கிறான், வாங்கின நானும் இருக்கிறன், இடையில உனக்கென்ன’ எண்டு கேட்டவராம்.”

மாமா மறித்தாராம் என்பது என் காதில் ஏறவே இல்லை. பெரியப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் ஏறியது. அப்பா எதையும் விற்கவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் கன்றைப் பறித்தார், இரண்டாம் தரம் சுட்டார், இப்போது வாங்கினேன் என்று பொய்யும் சொல்கிறார். அவருக்கு ஒரு நாளைக்கு நல்ல பதில் கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

கலியாணம் முடித்து உருத்திரபுரத்துக்கு வந்த பிறகுதான் எனக்குச் சில விசயங்கள் தெரியவந்தன. என் கணவர் ஒரு மாடு வாங்கினார். விற்றவரின் குறிக்குக் கீழே தன் குறியைச் சுட்டார். ஏன் என்று கேட்டேன். “வாங்கின மாட்டுக்கு அப்பிடித்தானே. மாட்டுக்காரற்ற பிள்ளைக்கு இது தெரியாதோ?” என்று சிரித்தார். எங்கள் வீட்டில் மாடு பிறந்தது உண்டு, செத்தது உண்டு, வெளியூர் வியாபாரிக்கு விற்றது உண்டு. காசு கொடுத்து வாங்க எங்களுக்கு வசதி இருந்ததில்லை. அதனால் நான் அதைக் காணவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு குறியையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொட்டின் தொடையிலும் பிறைக்குக் கீழேதான் வேல் இருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டு வருகிற அன்று பக்கத்துக் கட்டில் அக்கா எனக்கு ஒரு பை நிறைய வெண்டிக்காய் தந்தார். “நங்கி, நல்ல கூட்டாளியும் நாலு மாதிரிச் சொல்லியிருக்கு. எனக்கு எல்லாம் ஞாபகமில்ல. ஒண்டுதான் ஞாபகம். உன்ட ரகசியத்த அவன் மூடி வைப்பான். கஷ்டம் வந்தா விட்டுப் போகமாட்டான்.”

“அது ரெண்டு, அம்மே,” என்றான் பெடியன்.

“பேசாமப் படு. உனக்கு ஒண்டுகூட இல்ல.”

பஸ்ஸில் வரும்போது என் கணவர் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிப் போனார். நான் வெண்டிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாத அந்தப் பகல் நேரத்தை நினைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. பொட்டு வளர்ந்து முதல் கன்று போட்டுவிட்டது. கன்று போட்ட மாட்டின் முதல் பாலைக் கடும்பு என்போம். மஞ்சளாக, தடிப்பாக இருக்கும். சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் கட்டியாகிவிடும். வாங்கின மாடு முதல் கன்று போட்டால், கடும்பில் ஒரு செம்பு விற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். இதுவும் எனக்கு உருத்திரபுரத்தில்தான் தெரிந்தது.

பெரியப்பா அந்தச் செம்பை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பவில்லை. வாழையிலைத் துண்டால் மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைச் சந்தியைத் தாண்டி, ஆட்கள் பார்க்க நடந்து வந்தார். அன்றைக்கு அவர் ஏசவில்லை. படலையில் நின்று, “பிள்ளை, அம்மாட்டைக் குடு. கண்டு போட்டிட்டுது,” என்றார். சிரிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பழக்கமில்லாதபடியால் அது முகத்தில் சரியாக வரவில்லை. எனக்கு அது நக்கலாகப் பட்டது.

செம்பை வாங்கினேன். எங்களிடம் பறித்த மாட்டின் பாலை எங்களுக்கே கொண்டுவந்து காட்டுகிறார். மூன்று வருடம் வைத்திருந்த பதில் அது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, படலையடி வாழைமரத்தின் அடியில் செம்பைக் கவிழ்த்தேன். கடும்பு மண்ணில் உடனே ஊறவில்லை. மஞ்சளாகத் தேங்கி நின்றது.

பெரியப்பா மண்ணில் தேங்கிய பாலை ஒருமுறை பார்த்தார். திரும்பி நடந்தார்.

அப்பா மாட்டுக்கொட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கண்டிருக்கிறார். அடிப்பார் என்று நினைத்தேன். மனதின் ஒரு மூலையில், மெச்சுவார் என்றும் நினைத்தேன். அவர் என் கையிலிருந்து செம்பை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் கழுவினார். குசினிக்குள் போய் அதில் புது அரிசி நிரப்பினார். கடும்பு வந்த செம்பு வெறுமையாகத் திரும்பக் கூடாது. பிறகு, வயலுக்கும் சந்திக்கும் வெறும் மேலோடு போகிற மனுசன், அலுமாரியைத் திறந்து கோயிலுக்குப் போடுகிற சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

படலையில் ஒரு நிமிடம் நின்றார். “அது எனக்குக் கொண்டு வந்தது, பிள்ளை,” என்றார். சேட்டின் தோளில் கண்ணைத் துடைத்தார். அரிசிச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியப்பாவின் பின்னால் விரைவாக நடந்தார்.

அப்பா ஏன் அழுகிறார், பிழை செய்தது பெரியப்பாதானே என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. மாமா காலை ஊன்றி, வேலிக்கு மேலால் எட்டி, வாழையடியில் தேங்கி நின்ற மஞ்சளைப் பார்த்தார்.

“கெட்டிக்காரி,” என்றார். “தேப்பனுக்கு இல்லாத ரோசம் என்ர டொக்டர் அம்மாவுக்கு இருக்கு.”

அன்றைக்கு என்னைப் புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.